மின்குறைதீர்ப்பாளருக்கு எழுதுவது எப்படி: மன்றம், 30 நாள் கெடு, பாதிக் காசு கட்டும் வழி

#1 காகிதப்புலி

மின்கட்டணத் தகராறு என்றாலே “நேரா ஆம்புட்ஸ்மனுக்கு (மின்குறைதீர்ப்பாளருக்கு) எழுதிப் போடு” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அப்படி எழுதினால் பதிலாக வருவது ஒரு பக்கக் கடிதம்தான்: முதலில் மன்றத்தை அணுகவும். அதற்குள் ஒரு மாதம் போயிருக்கும், இங்கே ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்பார். அதனால் தமிழ்நாட்டில் இது நடக்கும் முறையை இந்த இழையில் ஒரே இடமாகச் சேர்த்து வைப்போம். விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

அடிப்படை 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. அதன் உட்பிரிவு 5, மின்பகிர்மான நிறுவனம் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் வைத்தாக வேண்டும் என்கிறது. உட்பிரிவு 6, அங்கே குறை தீராதவர் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நியமிக்கும் மின்குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்கிறது. மன்றம் நிறுவனத்தின் உள்ளேயே இருப்பது, மின்வட்டத்துக்கு ஒன்று, தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். குறைதீர்ப்பாளரை நியமிப்பது ஆணையம். இரண்டுக்கும் தமிழ்நாட்டு விதிமுறைகள் 2004-இல் வந்தவை.

வரிசை இதுதான்: பிரிவு அலுவலகத்தில் எழுத்துப் புகார், பிறகு வட்ட மன்றம், பிறகு குறைதீர்ப்பாளர். நடுப்படியைத் தாண்ட முடியாது.

#2 தாழ்வாரம்

மின்னகத்துக்கு (மின்புகார் மையத்துக்கு) போன் போட்டுப் பதிவு எண் வாங்கியிருந்தால் அது முதல் படியாக ஆகாதா?

#3 காகிதப்புலி

முதல் படிக்கு ஆகும், இரண்டாம் படிக்கு ஆகாது. 94987 94987-க்கோ 1912-க்கோ சொன்னதன் எண்ணைப் பத்திரமாக வையுங்கள், எந்த நாளில் புகார் செய்தீர்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் மின்னகப் புகார், 1100, முதல்வர் தனிப்பிரிவு மனு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு எதுவுமே ‘மன்றத்தை அணுகியது’ ஆகாது. இந்த மனுக்கள் எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மேசைக்குத்தான் வரும். “விசாரிக்கப்பட்டது, மனு முடிக்கப்பட்டது” என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது, ஏனென்றால் அது உத்தரவே இல்லை.

#4 சட்டப்பலகை

மனு எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கைக்கு வந்த நோட்டீஸில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி மனுக்கள் தப்பான வாசலுக்குப் போவது இதைப் பார்க்காததால்தான்.

126 என்று இருந்தால், அது அனுமதியில்லாத மின்பயன்பாடு என்று போட்ட மதிப்பீடு. வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் வருவது பெரும்பாலும் இதுதான். இதற்கு மன்றமும் கிடையாது, குறைதீர்ப்பாளரும் கிடையாது. முதலில் தற்காலிக மதிப்பீட்டு உத்தரவு வரும். அதற்கு ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் இறுதி உத்தரவு போடுவார்கள். அதன் பிறகு 127-ஆம் பிரிவில் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக 30 நாள், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டிய பிறகுதான் மனுவையே எடுப்பார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. 126 மதிப்பீட்டை அங்கே கேட்க முடியாது என்று 2013-இல் அனிஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

135 என்றால் மின்திருட்டு. அது சிறப்பு நீதிமன்றத்தின் வேலை.

பிரிவே போடாமல் ‘ஆடிட் ஷார்ட்ஃபால்’, ‘குறைவாக வசூலித்த தொகை’, ‘மீட்டர் பழுது சராசரி’, ‘டாரிஃப் மாற்ற வித்தியாசம்’ என்று வந்தால் அது பில்லிங் தகராறு. இதுதான் மன்றத்துக்கும் குறைதீர்ப்பாளருக்கும் உரியது. புது இணைப்பு தாமதம், பெயர் மாற்றம் மறுப்பு, மீட்டர் மாற்றாமல் இழுத்தடிப்பு, கம்பம் நகர்த்துவதற்கான எஸ்டிமேட், வோல்டேஜ் குறைவு எல்லாமும் இதே வரிசை.

#5 ராசாத்தி_க

நல்ல பதிவு சார். கூட ஒன்று. சில நோட்டீஸ்களில் பிரிவு எண்ணே இருக்காது, உள்ளே படித்தால் இரண்டு மடங்கு கட்டணம் போட்டிருப்பார்கள். இரண்டு மடங்கு என்பது 126-இன் கணக்கு. அந்த மாதிரி வந்தால் “இது எந்தப் பிரிவின் கீழ்?” என்று உடனே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த வாசல் எது என்று தெரிந்துவிடும்.

#6 மீட்டர்மணி

கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் “அநியாயமாக பில் போட்டுவிட்டார்கள்” என்று எழுதும் மனு எங்கேயும் நிற்காது. எத்தனை யூனிட், எந்த விதி, எத்தனை ரூபாய். இது மூன்றும் வேண்டும்.

மீட்டர் பழுது: தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பு 2004, ஒழுங்குமுறை 11. மீட்டர் பழுதான காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். நம் வீட்டு இணைப்பு இரண்டு மாத பில் என்பதால், நான்கு மாதம் என்றால் இரண்டு ரீடிங். இணைப்பு கொடுத்த உடனேயே மீட்டர் கெட்டுப் போயிருந்தால் மட்டும் பிந்தைய நான்கு மாதம்.

நடப்பது என்னவென்றால், புது மீட்டர் மாட்டிய பிறகு வந்த ரீடிங்கை எடுத்துப் பின்னோக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு உதாரணம். பழுதுக்கு முந்தைய இரண்டு ரீடிங் 420, 380. சராசரி 400. புது மீட்டர் மாட்டியதும் கோடைகாலம், ரீடிங் 560. அந்த 560-ஐ மூன்று பில்லுக்குப் போட்டால் 480 யூனிட் அதிகம். யூனிட் கூடியதோடு போகாது. 500-ஐத் தாண்டினால் வீட்டுக் கட்டணத்தின் படிநிலையே மாறும், 500-க்குக் கீழே உள்ளவர்களுக்கான சலுகை விகிதம் கிடைக்காது. அதனால் ரூபாய் வித்தியாசம் யூனிட் வித்தியாசத்தைவிடப் பெரிதாகத் தெரியும். மனுவில் இந்தக் கணக்கை ஒரு சின்னக் கட்டமாகப் போடுங்கள்: பில் மாதம், அவர்கள் போட்ட யூனிட், விதிப்படி வர வேண்டிய யூனிட், இரண்டுக்கும் தொகை, வித்தியாசம். ஐந்து நெடுவரிசை, அவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது பேசும்.

பூட்டிய வீடு விவகாரமும் இதே ஜாதி. ஒரு முறை ரீடிங் எடுக்காமல் விட்டு நான்கு மாதத்துக்குச் சேர்த்து 760 என்று எடுத்தால், அதை 380 + 380 என்று பிரித்துக் கட்டணம் போட வேண்டும். ஒரே பில்லாகப் போட்டால் 500 கோட்டைத் தாண்டிவிடும். கேட்டால் பெரும்பாலும் பிரிவு அலுவலகத்திலேயே திருத்திவிடுவார்கள். இதற்கெல்லாம் கிண்டியில் இருக்கும் குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டாம்.

#7 தாழ்வாரம்

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம். அதற்கும் இந்தச் சராசரிதானா?

#8 மீட்டர்மணி

இல்லை, அது வேறு. சந்தேகத்துக்குச் சராசரி கிடையாது. எம்.ஆர்.டி. சோதனை (மின்நிறுவனத்தின் மீட்டர் சோதனை) கேட்டு எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்டி, ரசீது வாங்குங்கள். சோதனைச் சான்றில் பிழை அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தால்தான் பழுது மீட்டர். சான்று இல்லாமல் “பக்கத்து வீட்டுக்கு இவ்வளவுதான் வருகிறது” என்று எழுதி ஜெயித்தவர் கிடையாது. கூடவே, மீட்டரைக் கழற்றும்போது இறுதி ரீடிங்கையும் மீட்டர் எண்ணையும் போட்டோ எடுங்கள். கழற்றிய மீட்டர் சோதனைக்குப் போகாமல் பழைய இரும்போடு போய்விட்டால் பிறகு நிரூபிக்க ஒன்றுமில்லை. அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றே ஒரு கடிதம் கொடுப்பது நல்லது.

#9 வடக்குவாசல்

எல்லாம் சரி, மனு நடக்கும்போது கரண்டை வெட்டிவிட்டால்? எல்லோரும் பயப்படுவது அதற்குத்தானே.

#10 சட்டப்பலகை

இதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் பிரிவு அலுவலக கவுன்டரில் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். 56-ஆம் பிரிவு, உட்பிரிவு 1. துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் காப்புரையில் (விதிவிலக்கு சொல்லும் பகுதியில்), தகராறு முடியும்வரை கீழ்க்கண்ட இரண்டில் எது குறைவோ அதை ‘எதிர்ப்புடன்’ கட்டினால் துண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது: ஒன்று, கேட்ட முழுத்தொகை. இரண்டு, முந்தைய ஆறு மாதக் கட்டணத்தின் சராசரியில் கணக்கிட்ட மாதத் தொகை.

தலைப்பில் ‘பாதிக் காசு’ என்று போட்டிருக்கிறீர்கள் காகிதப்புலி, அது சரியில்லை. பாதி என்பது 127-க்கு மட்டும். இங்கே ஆறு மாதச் சராசரி. வழக்கமாக மாதம் 900 ரூபாய் கட்டும் வீட்டுக்கு 46,000 ரூபாய் ஷார்ட்ஃபால் வந்தால் சராசரிக் கணக்கில் கட்ட வேண்டியது மிகவும் குறைவு.

கட்டும் முறை முக்கியம். ஆன்லைனில் கட்டினால் ‘எதிர்ப்புடன்’ என்று எழுத இடமில்லை. அதனால் தனியாக ஒரு கடிதம்: இணைப்பு எண், நோட்டீஸ் நாள், கணக்கு, “56(1) காப்புரைப்படி எதிர்ப்புடன் செலுத்துகிறேன்” என்ற வரி. ஏ.இ. அலுவலகத்தில் முத்திரை, கையெழுத்து, தேதியோடு நகல். நடப்பு பில்லையும் தவறாமல் கட்டிக்கொண்டே வாருங்கள். அதை நிறுத்தினால் தகராறில் இல்லாத பாக்கி என்று அதற்காகவே வெட்டலாம், அப்போது இந்தக் காப்புரை கைகொடுக்காது.

#11 காகிதப்புலி

தலைப்பு என் அவசரம், மாற்ற இந்தத் தளத்தில் வழியில்லை. படிப்பவர்கள் #10-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.

#12 ராசாத்தி_க

பழைய பாக்கி பற்றியும் பேசிவிடுவோம். 56(2)-ஐக் காட்டி “இரண்டு வருஷம் தாண்டியதால் கட்ட வேண்டாம்” என்று நிறைய பேர் எழுதுகிறார்கள்.

#13 சட்டப்பலகை

அது முன்பு ஓடியது, இப்போது அவ்வளவு எளிதில் ஓடாது. தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்பது பிரிவு. ரகமத்துல்லா கான் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பில் கொடுத்த பிறகுதான் அது ‘செலுத்த வேண்டிய’ தொகையாகிறது என்றது. தவறு பின்னால் தெரியவந்தால் கூடுதல் பில் கொடுப்பதை 56(2) தடுக்காது, ஆனால் அந்தப் பழைய தொகைக்காகத் துண்டிக்கும் வழியை எடுக்க முடியாது என்றது. 2021-இல் பிரேம் காட்டெக்ஸ் வழக்கிலும் இதே கேள்வி வந்தது, மின்நிறுவனத்தின் பக்கமே தீர்ந்தது. ஆகவே மனுவில் கால வரம்பை ஒற்றைக் காலாக நிறுத்தாதீர்கள். கணக்கு தவறு என்பதை முதல் வாதமாகவும் இதை இரண்டாம் வாதமாகவும் வையுங்கள். அதிகமாக வசூலித்திருந்தால், விதித்தொகுப்பின் 12-ஆம் ஒழுங்குமுறைப்படி காப்புத்தொகைக்குத் தரும் வட்டி விகிதத்தோடு திருப்பிக் கேட்கலாம். இதைக் கேட்க முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கேட்காததைக் கொடுக்க மாட்டார்கள்.

#14 வடக்குவாசல்

மன்றத்தில் தலைவரே எஸ்.ஈ. (மேற்பார்வைப் பொறியாளர்). தன் கீழே வேலை செய்யும் ஏ.இ. போட்ட பில்லைத் தப்பென்று சொல்வாரா? நேரத்தை வீணாக்குவதுதானே?

#15 காகிதப்புலி

சொல்பவர்களும் உண்டு. சொல்லாவிட்டாலும் வீணில்லை. மன்றத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, எதிர்த்தரப்பு எழுத்தில் கொடுக்கும் பதில். எந்த ரீடிங்கை எடுத்தார்கள், எந்த ஆடிட் குறிப்பு, எந்தத் தேதி ஆய்வு என்று அங்கேதான் முதன்முதலாகக் காகிதத்தில் வரும். இரண்டு, எண்ணும் தேதியும் போட்ட உத்தரவு. குறைதீர்ப்பாளர் படிப்பது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். மன்றத்தில் சொல்லாத புதுக் குறையை மேலே போய்ச் சொன்னால் “இது மன்றத்தில் எழுப்பப்படவில்லை” என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே மன்ற மனுவையே மேல்முறையீடு என்று நினைத்து முழுசாக எழுதுங்கள்.

எதிர்மனுதாரர்களாகக் கழகத்தின் பெயரை மட்டும் போடாமல், பிரிவின் உதவிப் பொறியாளர், உபகோட்டத்தின் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தின் செயற்பொறியாளர் என்று பதவியால் குறிப்பிடுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், மாறுதலில் போய்விடுவார்கள். 2024-இல் டான்ஜெட்கோவைப் பிரித்த பிறகு பகிர்மானம் பார்ப்பது தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம், பழைய பெயரில் எழுதாமல் இதைப் போடுங்கள்.

மன்றம் உத்தரவே போடாமல் இழுத்தால்: குறைகளைத் தீர்க்க அதிகபட்சம் 45 நாள் என்று மத்திய அரசின் 2020 நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. அது தாண்டினால் நினைவூட்டல் ஒன்று அனுப்பி, அதன் நகலோடு குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். மன்றத்தில் மனு கொடுத்த நாளுக்குச் சான்று இல்லாவிட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

#16 தென்கரை

தபால் பற்றி ஒரு வரி. ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்டில் சேர்ப்புச் சான்று கேட்டு அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததும் டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள். கொஞ்ச காலம் கழித்துத் தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது.

#17 தாழ்வாரம்

சரி, மன்ற உத்தரவு பாதகமாக வந்துவிட்டது. இப்போது?

#18 காகிதப்புலி

இப்போதுதான் ஆம்புட்ஸ்மன். உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். உத்தரவில் போட்ட தேதியிலிருந்து அல்ல, ஆனால் கிடைத்த தேதியைக் காட்ட உறை வேண்டும். தபால் முத்திரை உள்ள உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் நகலும் ஒரு இணைப்புத்தான். கெடு தாண்டிவிட்டால் தாமதத்தின் காரணத்தைத் தனிக் கடிதமாக, சான்றோடு வைத்துக் கேட்கலாம். ஆனால் அதை நம்பிச் சோம்பக் கூடாது.

அலுவலகம் சென்னை கிண்டி, திரு.வி.க. தொழிற்பேட்டை, சிட்கோ தலைமை அலுவலகக் கட்டடம், நான்காம் மாடி, 600 032. மன்ற உத்தரவின் கடைசிப் பக்கத்திலும் முகவரி இருக்கும், அதில் உள்ளபடியே எழுதுங்கள்.

மனுவில் இருக்க வேண்டியவை, இந்த வரிசையில்: பெயர், முகவரி, போன். இணைப்பு எண், டாரிஃப், பிரிவு, வட்டம். மன்ற மனு எண், உத்தரவு நாள், கிடைத்த நாள். நடந்தவை தேதிவாரியாக, தேதிக்கு ஒரு வரி. மன்ற உத்தரவில் எந்தப் பத்தி ஏன் தவறு. கோரிக்கை. வேறு எந்த நீதிமன்றத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் இதே விஷயம் நிலுவையில் இல்லை, முடிவாகவும் இல்லை என்ற உறுதிமொழி. கையெழுத்து. விதிமுறைகளின் பின்னிணைப்பில் படிவம் இருக்கிறது, ஆணையத்தின் இணையதளத்தில் எடுக்கலாம். தமிழில் எழுதலாம்.

கோரிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்றால் என்ன எடுப்பது? “மூன்று பில்களையும் 400 யூனிட்டுக்குத் திருத்தி, கூடுதலாக வசூலித்த இன்ன ரூபாயை வட்டியோடு வரும் பில்களில் கழிக்க உத்தரவிட வேண்டும்” என்று எழுதுங்கள். ஏ.இ.-ஐ சஸ்பெண்ட் செய் என்று கேட்காதீர்கள். அது அவர் வேலை இல்லை. லஞ்சம் கேட்டார்கள் என்றால் அதற்கு ஊழல் தடுப்புத் துறை, இந்த மனுவோடு கலந்தால் இரண்டும் கெடும்.

#19 ராசாத்தி_க

இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால்? மாமனார் பெயரில் இருந்தால்? இந்தக் கேள்வி எல்லா இழையிலும் வரும்.

#20 சட்டப்பலகை

சட்டத்தின் பிரிவு 2(15) ‘நுகர்வோர்’ என்பதில், எந்த இடம் அப்போதைக்கு மின்சாரம் பெற இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தின் நபரையும் சேர்க்கிறது மேடம். வீட்டில் குடியிருப்பவர் மனு போடலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, தொடர்ந்து பில் கட்டிய ரசீதுகள் இணைக்க வேண்டும். ஆனால் மன்றத்தில் யார் பெயரில் மனு போட்டீர்களோ அதே பெயரில்தான் மேலேயும் போட வேண்டும். கீழே அண்ணன், மேலே தம்பி என்றால் திருப்பி அனுப்ப அது ஒரு சாக்கு.

#21 தென்கரை

ஆவணம் தர மறுத்தால்: ரீடிங் பதிவேடு, ஆடிட் குறிப்பு, மீட்டர் மாற்றிய அறிக்கை இவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை, பதிலுக்கு 30 நாள். மன்றத்துக்கு மனு போடும் அன்றே இதையும் போட்டால்தான் விசாரணைக்குள் கிடைக்கும். உத்தரவு வந்த பிறகு ஆரம்பித்தால் இதுவும் 30, மேல்முறையீடும் 30. இடிக்கும்.

#22 வடக்குவாசல்

விசாரணை எப்படி இருக்கும்? வக்கீல் வேண்டுமா?

#23 காகிதப்புலி

மனு ஏற்றால் ஏ.பி. எண் (மேல்முறையீட்டு மனு எண்) கொடுப்பார்கள். எதிர்த்தரப்பிடம் பதில் கேட்பார்கள். அந்தப் பதிலின் நகல் கிடைத்ததும், எந்தப் பத்தியை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று மறுபதில் எழுதுங்கள். முதலில் இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கப் பார்ப்பார்கள். இணங்கினால் அதுவே உத்தரவாகும், இல்லையென்றால் விசாரணை. கோர்ட் மாதிரி இல்லை, மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் பொறியாளர். அவர்கள் ரீடிங் பதிவேட்டோடு வருவார்கள். உங்களிடம் பழைய வெள்ளை அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். பதிவேட்டுக்கும் அட்டைக்கும் ரீடிங் ஒத்துப்போகாத ஒரு வரி கிடைத்தால், விசாரணை அந்த வரியிலேயே நின்றுவிடும். நீங்களே பேசலாம். இரண்டு நிமிடத்தில் சொல்லும்படி தேதிப் பட்டியலை ஒரே தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஆணையத்தின் தளத்தில் குறைதீர்ப்பாளரின் பழைய உத்தரவுகளைத் தேடுங்கள். உங்களுடையதைப் போன்றது நிச்சயம் இருக்கும். ஏ.பி. எண்ணைக் குறித்துக்கொண்டு நகலை இணையுங்கள்.

#24 தாழ்வாரம்

ஜெயித்த பிறகும் செய்யாவிட்டால்?

#25 சட்டப்பலகை

உத்தரவு நகலோடு எஸ்.ஈ.க்கு எழுதி, நிறைவேற்றச் சொன்ன கெடு முடியும்வரை பொறுங்கள். அப்புறமும் அசையவில்லையென்றால் ஒழுங்குமுறை ஆணையத்தில் 142-ஆம் பிரிவின் கீழ் மனு. ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு லட்சம் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. ஆனால் மனு எண்ணிடப்பட்டதுமே கோப்பு நகர ஆரம்பிக்கும்.

தோற்றால் மின்சாரச் சட்டத்துக்குள் அடுத்த மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட்தான். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையமா, இந்த வழியா என்று ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். இரண்டு படகில் கால் வைத்தால் #18-இல் சொன்ன உறுதிமொழியை எழுத முடியாது. நஷ்டஈடும் மன உளைச்சலும் பெரிதென்றால் நுகர்வோர் ஆணையம். பில் திருத்தம், இணைப்பு, டாரிஃப் என்றால் இது.

#26 வடக்குவாசல்

பேரூராட்சியில் தண்ணீர் வராததற்கும் இதே ஆள்தானா?

#27 காகிதப்புலி

இல்லை. இவர் கரண்டுக்கு மட்டும். உள்ளாட்சிக்கென்று 2014 சட்டத்தில் வந்த முறைமன்ற நடுவம் தனியாக இருக்கிறது, அங்கே போவது ஊழல், முறைகேடான நிர்வாகம் சம்பந்தப்பட்டவை. படிவமும் வேறு, கேள்விகளும் வேறு. அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே கலந்தால் தேடுபவர்கள் குழம்புவார்கள்.

#28 தென்கரை

நோட்டீஸை ஸ்கேன் செய்து இங்கே போடுபவர்கள், இணைப்பு எண்ணையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். நோட்டீஸ் தேதியை மட்டும் மறைக்காதீர்கள். எத்தனை நாள் மிச்சம் என்று பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.